ஒன்பது மைக்ரோ ஆம்ப்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி ஜனவரியில் ஒரு கெப்பாசிட்டர் கம்பெனிக்காரர் இலவசமாகக் கொடுத்தது. ஐந்து மாதமாக என் கம்ப்யூட்டர் திரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதை உருவி எடுத்துவிட்டேன். திரை சற்றுச் சாய்ந்து நிற்கிறது, பரவாயில்லை. எம்.டி. சென்னியப்பன் காலை மீட்டிங்கில் டிசைன் பிரிவுக்குத் தலைவர் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். ஜூலை ஏழாம் தேதி அறிவிப்பு. எப்படி அந்த இடத்துக்கு வந்தீர்கள் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

பதினாறு வருடமாக இந்தப் பதவிக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். பதினாறு வருடமாக இந்தக் கம்பெனியில் இருக்கிறேன், அவ்வளவுதான். கண்ணாடி அறைக்குள் அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். அதுவும் உண்மைதான்.

பரீட்சை இதுதான்: மாட்டுக் கழுத்துப் பட்டை. பட்டைக்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப், அதற்கு ஒரு வட்டமான லித்தியம் செல். மாடு எவ்வளவு நேரம் படுத்தது, எவ்வளவு நேரம் அசைபோட்டது, எப்போது பருவத்துக்கு வந்து அலைகிறது என்பதையெல்லாம் பட்டை கண்டுபிடித்து மாட்டுக்காரரின் போனுக்கு அனுப்பும். பால் கம்பெனி ஒன்று பத்தாயிரம் பட்டை கேட்கிறது. ஒரே நிபந்தனை, ஒரு செல்லில் ஐந்து வருடம் ஓட வேண்டும். இப்போது இருக்கும் பட்டை இரண்டு வருடம்கூட முழுதாகத் தாங்காது. சராசரியாக அறுபது மைக்ரோ ஆம்ப் கரன்ட் குடிக்கிறது. ஐந்து வருடம் வர வேண்டுமென்றால் இருபத்திரண்டுக்கு இறங்கியாக வேண்டும்.

"யாரு அத கீழ எறக்கறாங்களோ அவங்கதான் ஹெட்டு. அதுல ரெண்டாவது பேச்சே இல்லீங்க" என்றார் எம்.டி. சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஜூன் 5, வியாழன்

வழி கிடைத்துவிட்டது. ஆட்டோமேட்டிக் வோல்டேஜ் ஸ்கேலிங். சிப்புக்கு நாம் எந்நேரமும் ஒரே வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், மிகக் கடினமான வேலைக்குத் தேவைப்படும் அளவு. ஆனால் மாடு முக்கால்வாசி நேரம் சும்மா படுத்துக் கிடக்கிறது. அப்போது சிப் மெதுவாக ஓடினால் போதும். மெதுவாக ஓடக் குறைந்த வோல்டேஜ் போதும், வோல்டேஜ் குறைந்தால் கரன்ட்டும் குறையும். எவ்வளவு குறைக்கலாம் என்பதைச் சிப்பே தன்னைச் சோதித்துக்கொண்டு முடிவு செய்யும். தெம்பு மிச்சம் இருந்தால் ஒரு படி இறக்கும், திணறினால் ஒரு படி ஏற்றும்.

தோசை சாப்பிடும்போது சுகந்தியிடம் விளக்கினேன். "பால் பொங்கி வர்றப்ப அடுப்பு தானாவே சிம்முக்குப் போனா எப்படி இருக்கும்? அதுதான்."

"பாத்திரத்துல இருக்கறது பாலா தண்ணியான்னு அடுப்புக்கு எப்படித் தெரியும்?" என்றாள். என் மனைவி பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவள். வீட்டிலும் சாய்ஸ் இல்லாத கேள்வித்தாள்தான்.

இதற்கு நல்ல பதில் இருக்கிறது. தோசை ஆறிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

சோதனை ஏற்பாடு முடிந்தது. ஆபீசில் மாடு கட்ட எம்.டி. சம்மதிக்க மாட்டார் என்பதால், தொட்டில் ஆட்டும் மோட்டார் ஒன்றில் பட்டையைத் தொங்கவிட்டிருக்கிறோம். வேகமாக ஆடினால் மாடு நடக்கிறது, மெதுவாக ஆடினால் அசைபோடுகிறது, நின்றுவிட்டால் படுத்திருக்கிறது. லேபில் எல்லோரும் அதை லட்சுமி என்று கூப்பிடுகிறார்கள். தொட்டில் யோசனை பெனசிருடையது என்று நினைக்கிறேன். நான் சொல்லி அவள் வாங்கி வந்ததாகவும் இருக்கலாம், சரியாக ஞாபகமில்லை.

பெனசிர் ஒன்பது வருடமாக எங்களிடம் டெஸ்டிங் பார்க்கிறாள். கரும்புக்கடையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கெட்டிக்காரி, ஆனால் கேள்வி அதிகம். என் புரோகிராமில் வோல்டேஜ் ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஏற்றுகிற அளவுக்கும் இறக்குகிற அளவுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடலாமே என்றாள். விட்டேன், நின்றுவிட்டது. மாலைக்குள் நானே கண்டுபிடித்திருப்பேன்.

செல்லுக்கும் போர்டுக்கும் நடுவில் மீட்டர் போட்டாயிற்று. போர்டிலிருந்து ஒரு கேபிள் என் கம்ப்யூட்டருக்கு வருகிறது. சிப் தான் செய்வதையெல்லாம் அதன் வழியே வரி வரியாக எழுதி அனுப்பும், லாக் என்போம். 'படுத்திருக்கிறது. வோல்டேஜ் ஒரு படி இறக்கம்.' இந்த வரிகள் திரையில் ஓடாவிட்டால் எனக்கு வேலை செய்தது போலவே இருக்காது. யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று கேபிளில் 'தொடாதே - தயாளன்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

நாற்பத்தொன்று.

ஜூன் 13, வெள்ளி

இருபத்தெட்டு! சுகந்தி கேஸ் புக் பண்ணச் சொல்லியிருந்தாள், மறந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

"அடுப்பு தானாவே சிம்முக்குப் போயிருச்சுங்க" என்று சுகந்தி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சிலிண்டர் தீர்ந்திருந்தது. மதியம் ஓட்டலில் வாங்கி வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஒன்பது. இன்னொரு தரம் எழுதுகிறேன், ஒன்பது மைக்ரோ ஆம்ப்.

வோல்டேஜை இறக்க இறக்க, மீட்டர் நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கிக்கொண்டே வந்தது. இதுவரை என் வாழ்க்கையில் எதுவும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்ததில்லை. அதனால் முதலில் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

எம்.டி.யை அழைத்து வந்து காட்டினேன். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். "பன்னெண்டு வருஷத்துக்கு மேல வருதேங்க தயாளன்! மாடே அவ்வளவு நாளைக்கு இருக்காதே!"

"கழட்டி அடுத்த மாட்டுக்குப் போட்டுக்கலாமுங்க" என்றேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். லேபில் எல்லோருக்கும் முன்னால்.

பெனசிர் மட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்பக் கம்மியா இருக்குதுங்க சார். தூங்கறப்பவே ஆறு இழுக்கும்னு சிப் கம்பெனிக்காரனே போட்டிருக்கான். மிச்சம் மூணுல ரேடியோ, கணக்கு எல்லாம் ஓடுதுங்களா?"

"அதுதாம்மா என் டிசைன்" என்றேன். சிலருக்கு வாழ்த்து சொல்லவே வராது.

ஜூன் 18, புதன்

ரிப்போர்ட் எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கத்தில் 'வடிவமைப்பும் அளவீடும்: தயாளன்'. சுகந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அளந்தது அந்த பெனசிர் பொண்ணுதானே, அது பேரு இல்லயா?" என்றாள். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது என்று சொன்னேன். கட்டம் பெரியதுதான், ஆனால் ஒன்றுதான்.

ஜூன் 20, வெள்ளி

ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் மூன்று மாடுகளுக்குப் பட்டை கட்டிவிட்டு வந்தோம். கட்டியது பெனசிர். மாடுகள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியதால் நான் போட்டோ எடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

மாட்டுக்காரர் மரகதம் அம்மாள் பட்டையைப் புரட்டிப் பார்த்தார். "மாடு பருவத்துக்கு வந்தா அது கத்தற கத்துல ஊருக்கே தெரியுமுங்க. இது எதுக்கு?"

"கத்தாத மாடும் இருக்குதுங்களேம்மா, அதுக்குத்தான்" என்றாள் பெனசிர். அதற்கு மரகதம் அம்மாள் யோசித்து, மூன்றாவது மாட்டைக் காட்டி, "ஆமா, இவ வாயே தொறக்க மாட்டா" என்று ஒப்புக்கொண்டார்.

திரும்பும் வழியில் காரில் பெனசிர் கேட்டாள். "இங்க கேபிள் இல்லீங்களே சார்."

"மாட்டுக்கு எதுக்கும்மா கேபிள்?"

"லேப்லயும் ஒருக்கா எடுத்துட்டுப் பாத்துரலாமுங்களா?"

"எடுத்தா லாக் எப்படித் தெரியும்?" என்றேன். கிணத்துக்கடவில் இளநீர் குடித்தோம்.

ஜூன் 23, திங்கள்

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். புதுச் செல் மாற்றலாம் என்று பழையதைக் கழற்றி மேஜையில் வைத்தேன். திரையில் 'நடக்கிறது' என்று ஒரு வரி வந்தது. பிறகு இன்னொரு வரி. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது, லட்சுமி நடந்துகொண்டிருந்தாள், செல் என் கையருகே இருந்தது.

கெப்பாசிட்டரில் மிச்சம் இருந்த சார்ஜ். கொஞ்ச நேரம் ஓடத்தான் செய்யும். எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நான் நின்று பார்க்கவில்லை. புதுச் செல்லைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

கெப்பாசிட்டர்தான்.

ஜூன் 26, வியாழன்

காலையிலிருந்து தலைவலி. லேப் பக்கம் போகவில்லை. ரிப்போர்ட்டுக்கு வரைபடம் போட்டேன். அறுபதிலிருந்து ஒன்பது வரை அழகாகச் சரிந்து வருகிறது. வீட்டுக்கு வரும்போது கறிவேப்பிலை வாங்கினேன், கொத்தமல்லி கேட்டிருந்தாளாம்.

ஜூன் 30, திங்கள்

காலையில் நான் உட்காரும் முன்பே பெனசிர் வந்து நின்றாள். கையில் ஒரு செல் இருந்தது.

"சார், இது லட்சுமியோட செல்லுங்க."

"மாத்தப் போறியா?"

"இல்லீங்க. சனிக்கிழம மத்தியானமே கழட்டிட்டேன். இன்னும் நடந்துட்டு இருக்குதுங்க."

நான் திரையைப் பார்த்தேன். 'அசைபோடுகிறது. வோல்டேஜ் ஒரு படி இறக்கம். அசைபோடுகிறது.' சனி மதியத்திலிருந்து திங்கள் காலை வரை. அவ்வளவு பெரிய கெப்பாசிட்டர் எங்கள் கம்பெனியிலேயே கிடையாது.

எல்லாம் என் கேபிள் வழியாக வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கம் வோல்டேஜ் அதிகம், சிப் பக்கம் குறைவு. அதனால் லாக் வரும் கம்பி வழியே கரன்ட் போர்டுக்குள் கசிந்து ஏறியிருக்கிறது. நான் வோல்டேஜை இறக்க இறக்க அந்தக் கசிவு அதிகமாகியிருக்கிறது. சிப்போ தனக்கு ஏகத்துக்கும் தெம்பு இருப்பதாக நம்பி இன்னும் இறக்கியிருக்கிறது. மீட்டர் செல்லின் வாசலில் மட்டும் உட்கார்ந்திருந்தது. கொல்லைப்புறமாக வந்தது அதற்கு எப்படித் தெரியும்?

"கேபிள எடுத்துட்டா எவ்வளவு?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணுங்க."

முப்பத்தொன்று என்றால் மூன்றரை வருடம். நிபந்தனை ஐந்து. இன்று தேதி முப்பது. நான்காம் தேதி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், ஏழாம் தேதி அறிவிப்பு.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றனுங்க" என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

நிறைய யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் மனதை உறுத்தியது. இந்த வேலையில் பெனசிருடைய பங்கு எவ்வளவு! தொட்டில் அவள் யோசனை. வோல்டேஜ் ஆடிக்கொண்டிருந்ததை நிறுத்தியது அவள். பட்டையைக் கட்டியது அவள். அவள் பெயர் இல்லாமல் ரிப்போர்ட் போவது எந்த ஊர் நியாயம்? காலையிலேயே முதல் பக்கத்தில் அவள் பெயரைச் சேர்த்தேன்.

பிறகு பார்த்தால், பக்கத்தில் ஒரு சீனியர் பெயர் இருக்கும்போது ஜூனியர் பெயர் யார் கண்ணிலும் படாது என்று தோன்றியது. அதனால் என் பெயரை எடுத்துவிட்டேன். வேலை பார்த்தவர்களுக்குப் பெயர் போய்ச் சேர வேண்டும் என்பதில் நான் எப்போதும் கறாராகத்தான் இருந்திருக்கிறேன்.

அச்செடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். "உங்க பேரு இல்லீங்களே சார்?"

"ஒழச்சது நீதானேம்மா."

"நேத்து வரைக்கும் இருந்துச்சுங்களே."

"நேத்து எனக்கு இது தோணலை" என்றேன். இது உண்மை. நேற்று காலை வரை எனக்கு அது தோன்றவில்லை.

"அப்படீன்னா உள்ள இருக்கறத நான் மாத்தலாமுங்களா?"

"தாராளமா. இனி அது உன் ரிப்போர்ட்."

போகிற வழியில் எம்.டி.யைப் பார்த்தபோது, "பட்டை விஷயத்துல அளவெடுத்தது முழுக்க பெனசிர்தானுங்க" என்று சொல்லிவைத்தேன். "அப்படீங்களா?" என்றார். ஒருவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதில் நமக்கென்ன குறைந்துவிடப்போகிறது?

ஜூலை 3, வியாழன்

பெனசிர் இரண்டு நாளாக என் பக்கம் வரவில்லை. தொட்டில் ஆடுகிறது, கேபிள் இல்லை. என் சீட்டை மட்டும் கிழிக்காமல் எடுத்து, மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறாள். என் திரை வெறுமையாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

ரிப்போர்ட்டை எம்.டி.யிடம் கொடுத்துவிட்டாள். எனக்கும் ஒரு பிரதி மெயிலில் வந்தது. திறக்கவில்லை. அடுத்தவர் ரிப்போர்ட்டில் தலையிடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். ஒன்பதே என்று விட்டிருந்தால் பிற்பாடு பதில் சொல்ல வேண்டியவள் அவள். முப்பத்தொன்று என்று திருத்தியிருந்தால் இப்போதே சொல்ல வேண்டியவள். பாவம்தான். நான் தலைவரானதும் அவளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன். சுகந்தி "நாளைக்கு என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்குத்தான் ரெண்டு தரம் இஸ்திரி போட்டீங்களா?" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

பத்தரை மணிக்கு மீட்டிங். முன்வரிசையில் உட்கார்ந்தேன். சென்னியப்பன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஒம்பதுன்னு சொன்னப்ப நானுந்தான் குதிச்சேன். அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? பத்தாயிரம் மாடு, மூணரை வருஷத்துல எல்லாப் பட்டையும் ஊமையாயிருக்கும். கரன்ட் கேபிள் வழியா ஏறியிருக்குது. அத இதுல முதல் பக்கத்துலயே, ஒளிவுமறைவு இல்லாம எழுதியிருக்குது. எழுதுனதோட நிக்கல. இப்ப எவ்வளவு தெரியுங்களா? இருபது!"

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபதா? நாலு நாளில் எப்படி?

"ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, அதனால வோல்டேஜ் இதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் ஒரே எல்லைய வெக்காம ஒவ்வொண்ணும் தன்னோட எல்லையத் தானே கண்டுபிடிக்கற மாதிரி பண்ணியிருக்குது பெனசிர். அதுல கொஞ்சம் கொறஞ்சிருக்குது. மிச்சம் பூராவும் லாக்குங்க. சிப்பு தூங்காம உக்காந்து வரி வரியா எழுதி அனுப்பிட்டு இருந்திருக்குது, மாட்டுக் கழுத்துல தொங்கறப்பவும். படிக்க ஆளே இல்லாத எடத்துல! அத நிறுத்துனதும் இருபது. அஞ்சரை வருஷம் வருது."

என் வரிகள். நான் பார்த்து ரசிப்பதற்காக எழுதவைத்த வரிகள்.

"பெனசிர்தான் நம்ம டிசைன் ஹெட்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எழுந்து போய்விடலாம் என்று நினைத்த நொடியில் எம்.டி. என் பக்கம் திரும்பினார்.

"இன்னொருத்தரப் பத்தியும் சொல்லோணும். ஒம்பது தப்புன்னு தெரிஞ்சதும் தயாளன் என்ன பண்ணியிருக்காரு? பெனசிரக் கூப்புட்டு, கண்டுபுடிச்சது நீ, நீயே சரி பண்ணு, உன்ற பேருலயே குடுன்னு, தன்னோட பேர எடுத்துட்டாரு. ஹெட்டு போஸ்டு கையில வர்ற நேரத்துல! பதினாறு வருஷ சீனியருங்க. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

இந்தத் தடவை எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல் அதுதான். நானும் எழுந்து, நான்கு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். காது இரண்டும் சுட்டது. அவர் சொன்ன ஆள் நானில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், பின்னே எதற்குப் பெயரை எடுத்தாய் என்று கேட்பார்கள்.

மதியம் லேபுக்குப் போனேன். பெனசிர் தனியாக இருந்தார், அடுத்த போர்டுக்கு மீட்டர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எம்.டி.கிட்ட அப்படி யாரு சொன்னது?" என்றேன்.

"நான்தானுங்க. உங்க பேரு ஏன் இல்லைன்னு கேட்டாரு."

"நான் அப்படியெல்லாம் உன்கிட்ட... உங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"இல்லீங்க." மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்கு எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க சார்."

வெட்கமாக இருந்தது. இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் பேனாவை இரண்டு முறை மூடிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நாளைல இருந்து நீங்க என்ற டீமுங்க. என்ற டீமுல இருக்கறவங்கள மத்தவங்க மதிக்கோணுமில்லீங்களா?" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்குரூ டிரைவருக்காகக் கையை நீட்டினார்.

எடுத்துக் கொடுத்தேன். "இந்தாங்க மேடம்" என்றேன்.